கண்டது யாருடையது?

வெளியூரில் வாழும் தமிழர் நால்வர் கூடி ஒரு கட்டடம் எழுப்ப முனைந்தால், சுவர் எழுமுன்பே ஒரு வழக்கு எழுந்துவிடும். திறப்பு விழாக் கல்லில் யார் பெயர் முதலில் இடம்பெறுவது என்பதே அவ்வழக்கு. நாம் அறிந்த ஓர் ஊரில், நிலம் கொடுத்தவர் பெயரா, பொருள் கொடுத்தவர் பெயரா, இருபது ஆண்டுகள் வீடு வீடாக நடந்து நன்கொடை திரட்டியவர் பெயரா என்று வாதிட்டதில், கட்டி முடித்த மண்டபம் ஏழு மாதம் பூட்டியே கிடந்தது. தமிழ் கற்க வந்த பிள்ளைகள் அவ்வேழு மாதமும் ஒருவர் வீட்டு மாடியில் வெயிலில் அமர்ந்து படித்தனர். இறுதியில் மூன்று பெயர்களையும் அகர வரிசையில் பொறித்தனர். கல்லைச் செதுக்கிய கொத்தரின் பெயரை யாரும் கேட்கவில்லை.

இதை நகைப்பதற்காக நாம் நினைவுகூரவில்லை. அம்மூவரும் நல்லவர்கள், மூவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. புகழை விரும்புதல் குற்றமா? குற்றமில்லை எனின், அது எந்த எல்லையைக் கடக்கும்போது குற்றமாகிறது? பலர் கூடிச் செய்த ஒரு நற்செயல் யாருக்கு உரியது? இவ்வினாக்கள் ஒரு மண்டபத்தைப் பூட்டி வைத்தது போலவே, உலகின் மாபெரும் ஆய்வுக்கூடங்களையும் ஒரு காலத்தில் உலுக்கியிருக்கின்றன. மனிதரைத் தாக்கும் ரெட்ரோ வைரஸ்களையும் அவற்றால் விளையும் புற்றுநோய்களையும் ஆராய்ந்த ராபர்ட் காலோ என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞரின் வாழ்வை முன்வைத்து, இவ்வினாவைச் சற்றே ஆழ்ந்து நோக்குவோம்.

மூல ஓலையில் எழுதும் கை

முதற்கண் இந்த நச்சுயிரியின் இயல்பை அறிதல் வேண்டும். நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூல ஓலை ஒன்று உண்டு. அதனைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படும். அப்படியின்படியே உயிரணு தன் தொழிலைச் செய்யும். மூலத்திலிருந்து படி எடுப்பதே இயற்கையின் பொது வழக்கம் என்று அறிஞர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். ரெட்ரோ வைரஸ் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. அது ஆர்.என்.ஏ. வடிவில் உட்புகுந்து, தன்னிடமுள்ள ஒரு நொதியின் துணையால் தன்னை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதிக்கொண்டு, நம் மூல ஓலையின் நடுவே தன் வரிகளைச் செருகிவிடுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோன் மூல நூலிலேயே தன் பாட்டைச் செருகிவிட்டால், பின்வரும் படிகளிலெல்லாம் அச்செருகல் தொடருமன்றோ? அதுபோலவே, ஒருமுறை புகுந்த இந்நச்சுயிரி அவ்வுயிரணு வாழுமட்டும் அதில் வாழ்கிறது. உயிரணு பிரியும்போது தானும் பெருகுகிறது.

இக்கதையின் தொடக்கம் ஒரு கோழியில் இருக்கிறது. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பெய்டன் ரவுஸ், கோழியின் கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் புகாத நுண் வடிகட்டியில் வடித்து, அந்நீரை வேறு கோழிகளில் செலுத்தினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. 1911ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டபோது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966ஆம் ஆண்டில்; அப்போது அவருக்கு வயது 87. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓர் உண்மை தன் உரிய மதிப்புக்குக் காத்திருந்தது.

நச்சுயிரியின் தலைகீழ் எழுத்துக்குக் காரணமான நொதியை 1970ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர். ஒருவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஹோவர்ட் டெமின். மற்றவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து டேவிட் பால்டிமோர். இருவர் கட்டுரைகளும் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்தன. யார் முந்தியவர் என்று உலகம் பூசலிடவில்லை. 1975ஆம் ஆண்டின் நோபல் பரிசு ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முதன்மை என்பது எப்போதும் போர்க்களமாக வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் டெமினின் கட்டுரையில் உடன் பெயர் பொறித்தவர் சடோஷி மிசுடானி என்னும் ஜப்பானிய இளைஞர்; அச்சோதனையில் அவர் கை உண்டு; பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அமைதியாக முடிந்த பங்கீட்டிலும் ஒருவர் வெளியே நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

ஒரு தங்கையின் நினைவு

காலோ 1937ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிறுவனாயிருந்தபோது அவருடைய தங்கை இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அந்நாளில் அந்நோய்க்குத் தீர்வு இல்லை. இல்லத்தில் ஒரு குழந்தை இறந்தால் அவ்வீட்டின் பேச்சும் ஓசையும் பல்லாண்டு மாறிப்போவதை நம்மில் சிலர் அறிவோம். அத்துயரே தம்மை மருத்துவ ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது என்று காலோ பின்னாளில் கூறியிருக்கிறார். 1963ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, 1965ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தார்.

கோழிக்கும் எலிக்கும் பூனைக்கும் புற்றுநோய் தரும் ரெட்ரோ வைரஸ் மனிதரிடமும் இருக்குமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. இருக்காது என்றே அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். பலர் தேடிக் காணாது சலித்துக் கைவிட்ட தேடல் அது. தேடுவதற்கு ஒரு தடையும் இருந்தது: குருதியின் வெள்ளணுக்களுள் டி அணு எனப்படுபவை உடலுக்கு வெளியே நீண்டநாள் வளர மறுத்தன. அணு வளராவிடின் அதனுள் ஒளிந்திருக்கும் நச்சுயிரியைப் பிடிப்பது எங்ஙனம்? 1976ஆம் ஆண்டில் காலோவின் ஆய்வுக்கூடத்தில் டோரிஸ் மார்கன், பிரான்சிஸ் ரசெட்டி ஆகியோர் டி அணுக்களை வளரச் செய்யும் ஒரு பொருளைக் கண்டனர். இன்று இன்டர்லூகின்-2 என்று வழங்கப்படுவது அது. பின்னர் வந்த கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் வாயில் திறந்த திறவுகோல் அதுவே.

இதற்கிடையே ஓர் இழுக்கும் நேர்ந்தது. 1975ஆம் ஆண்டில் காலோவும் அவருடைய துணைவரும் மனித இரத்தப் புற்றணுக்களில் ஒரு ரெட்ரோ வைரஸைக் கண்டதாக அறிவித்தனர். ஆராய்ந்தபோது அது மனித நச்சுயிரியன்று. குரங்கினங்களுக்கு உரிய நச்சுயிரிகள் ஆய்வுக்கூடத்தில் கலந்துவிட்டதால் நேர்ந்த மயக்கம் என்று தெரியவந்தது. அறிஞர் அவையில் அவர் நகைப்புக்கு உள்ளானார்.

இவ்விடத்தில் நாம் நம்மை ஒன்று கேட்டுக்கொள்ளலாம். அவரை மீண்டும் எழச் செய்தது எது? தங்கையின் நினைவா, அல்லது இழந்த பெயரை மீட்கும் வேட்கையா? இரண்டையும் பிரித்தறிதல் அவருக்கே இயலாதிருந்திருக்கும். நம் நற்செயல்கள் பலவும் இத்தகைய கலப்பு நூலால் நெய்யப்பட்டவையே. தூய இரக்கத்தால் மட்டுமே செயல் நிகழவேண்டும் என்று விதித்தால் உலகில் மருத்துவமனைகள் பாதிக்குமேல் எழுந்திரா. ஆகவே புகழ் விருப்பம் உள்ளத்தில் இருந்தது என்பதற்காக ஒருவரைப் பழித்தல் தகாது. அவ்விருப்பம் அவர் கையை என்ன செய்வித்தது என்பதையே நாம் வினவவேண்டும்.

இரு கரையிலிருந்து ஒரு பாலம்

1980ஆம் ஆண்டின் இறுதியில், பெர்னார்ட் போயஸ், ரசெட்டி முதலியோருடன் காலோ வெளியிட்ட கட்டுரை, தோலைப் பற்றும் டி அணுப் புற்றுநோய் கொண்ட ஒருவரிடமிருந்து ஒரு ரெட்ரோ வைரஸைப் பிரித்ததை அறிவித்தது. எச்.டி.எல்.வி. என்று பெயரிடப்பட்ட அதுவே மனிதரில் உறுதியாக அறியப்பட்ட முதல் ரெட்ரோ வைரஸ். இம்முறை பழைய இழுக்கு நல்லாசிரியனாகத் துணைநின்றது. குரங்கு நச்சுயிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவற்றுள் எதுவுமன்று என உறுதி செய்த பின்னரே உலகுக்கு உரைத்தனர்.

ஆயினும் அதனால் விளையும் நோய் எது என்பது அமெரிக்காவில் தெளிவாகவில்லை. அதற்கான விடை ஜப்பானில் முன்னரே உருவாகியிருந்தது. கியோட்டோவில் கியோஷி டகாட்சுகியும் அவர் துணைவரும் 1977ஆம் ஆண்டில் பெரியோரைப் பற்றும் ஒரு புதுவகை டி அணு இரத்தப் புற்றுநோயை விவரித்திருந்தனர். அந்நோயாளர் பலரிடம் அவர்கள் கண்ட பொதுத்தன்மை ஒன்றே: அவர்கள் இப்போது எங்கே வாழ்ந்தாலும், பிறந்த ஊர் தென்மேற்கிலுள்ள கியூஷு தீவு. பிழைப்பு நாடி வேற்றூர் வந்த மக்களிடம், 'நும் சொந்த ஊர் எது?' என்று ஒரு மருத்துவர் கேட்டதிலிருந்து ஒரு நோயின் மூலம் துலங்கியது என்பது, அதே கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்ளும் நமக்குச் சற்றே நெகிழ்ச்சி தருவதாகும்.

1981ஆம் ஆண்டில் யோரியோ ஹினுமா குழுவினர் அந்நோயாளரின் குருதியில் ஒரு ரெட்ரோ வைரஸுக்கு எதிரான காப்புப் பொருள்களைக் கண்டனர். அவ்வணுக்களை வளர்த்துக் கொடுத்தவர் இசாவோ மியோஷி. நச்சுயிரியின் மரபுப் பொருளைத் தெளிவுறுத்தியவர் மிட்சுவாகி யோஷிடா. இரு நாட்டாரும் தத்தம் பொருள்களை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று விளங்கியது. ஒரு கரையில் நச்சுயிரி இருந்தது, நோய் தெளிவாகவில்லை. மறு கரையில் நோய் இருந்தது, நச்சுயிரி தெரியவில்லை. பாலத்தின் எந்தப் பாதி பாலம் என்று யார் சொல்லவல்லார்?

அப்பாலத்தின்மீது நடந்து பயனடைந்தோர் யார்? உலகில் 50 இலட்சம் முதல் ஒரு கோடி மக்கள் இந்நச்சுயிரியை உடலில் சுமப்பதாக 2012ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பர். நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரே பல பத்தாண்டுகளுக்குப் பின் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாவர். தாய்ப்பால் வழியே அது குழந்தைக்குச் செல்கிறது என்பது அறியப்பட்டதும், நாகசாகி மாவட்டத்தில் 1987ஆம் ஆண்டு முதல் கருவுற்ற பெண்களுக்குச் சோதனை நடத்தி, நச்சுயிரியுடைய தாய்மார் பால் ஊட்டாதிருக்கும்படி அறிவுறுத்தினர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பரவியது, நூற்றில் இரண்டு மூன்றாகக் குறைந்தது. மார்பில் பாலிருந்தும் குழந்தைக்கு ஊட்டாது, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஒரு நோயை, தாம் ஒருவேளை காணவே இயலாத ஒரு முதுமையை எண்ணித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்ட அத்தாய்மாரின் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. அந்நோயைத் தடுத்தவர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை என்று நாம் சொல்லிவிட இயலுமா?

உடலைக் கொடுத்தவர்

1982ஆம் ஆண்டில் இவ்வினத்தின் இரண்டாம் நச்சுயிரி அறியப்பட்டது. அதனை அறிவித்த கட்டுரையில் முதற்பெயராக நிற்பது வி. எஸ். கல்யாணராமன். அந்நச்சுயிரி கிடைத்த அணுக்கள் ஓர் அமெரிக்க நோயாளியின் உடலிலிருந்து வந்தவை. 1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நோயின் பொருட்டு அவருடைய மண்ணீரல் அகற்றப்பட்டது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் அவரை வரவழைத்துக் குருதி முதலியவற்றை எடுத்துவந்தனர். அவற்றிலிருந்து வளர்த்த அணுக்களுக்கு, அவர் அறியாமலே, 1984ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெறப்பட்டது. உண்மை தெரிந்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். அகற்றப்பட்ட அணுக்கள் அவருடைய உடைமை ஆகா என்றும், ஆனால் மருத்துவர் தம் ஆய்வு நோக்கையும் பொருள் நோக்கையும் முன்கூட்டியே அவரிடம் வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்றும் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பில் காலோவுக்கும் கல்யாணராமனுக்கும் பங்கில்லை. எனினும் நம் வினாவுக்கு அது புதியதொரு பக்கத்தைத் திறக்கிறது. கண்டவன் உரிமை கோருகிறான். கருவி செய்தவன் உரிமை கோருகிறான். ஆனால் எதிலிருந்து கண்டார்களோ அந்த உடலுக்குரியவன் வாயிற்படியில் நிற்கிறான். அவன் கேட்டது பொருள் மட்டுமன்று. தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்பதும் அவன் குறை. சொல்லாமல் எடுப்பது கொடையாகாது. கொடுத்தவன் அறியாத கொடை எங்கேயுண்டு?

பாரிசும் பெதஸ்டாவும்

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஐந்து இளைஞரின் விந்தை நோய் குறித்து முதல் அறிக்கை வந்தது. பின்னர் எய்ட்ஸ் என்று பெயர்பெற்ற அந்நோயின் காரணத்தைத் தேடிய பலருள் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தாரும், பெதஸ்டாவிலிருந்த காலோ குழுவினரும் முன்னின்றனர். 1983ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, ழான்-குளோத் ஷெர்மான், லூக் மோன்டான்யே ஆகியோர் ஒரு நோயாளியிடமிருந்து புதியதொரு ரெட்ரோ வைரஸைப் பிரித்ததை அறிவித்தனர். அதனை வளர்க்க உதவிய முறையில், காலோவின் கூடத்திலிருந்து பிறந்த டி அணு வளர்ப்பு அறிவும் இருந்தது. 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் காலோ குழுவினர், 48 பேரிடமிருந்து நச்சுயிரியைப் பிரித்ததையும், அதனைப் பேரளவில் வளர்க்கும் வழியையும், அதுவே நோய்க்குக் காரணம் என்பதற்கான சான்றுகளையும் நான்கு கட்டுரைகளில் வெளியிட்டனர். 1985ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குருதிச் சோதனை உரிமம் பெற்றது. அன்று முதல் குருதி வங்கிகள் காக்கப்பட்டன. விபத்துற்றோரும் மகப்பேற்றில் குருதி இழந்தோரும் அஞ்சாது குருதி ஏற்க வழி பிறந்தது.

ஆனால் காலோ வளர்த்த நச்சுயிரி எங்கிருந்து வந்தது? 1983ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து பெதஸ்டாவுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டிருந்தன. சோதனைக்கான காப்புரிமை அமெரிக்கருக்குக் கிடைத்தபோது, பாஸ்டர் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனும் பிரெஞ்சுப் பிரதமர் ஷிராக்கும் சேர்ந்து உடன்பாடு அறிவிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒரு நச்சுயிரியின் உரிமைக்காக இரு நாட்டுத் தலைவர் அவையேறியது வரலாற்றில் அரிய காட்சி. 1991ஆம் ஆண்டில், தம் கூடத்தில் வளர்ந்தது பாரிசிலிருந்து வந்த மாதிரியின் நச்சுயிரியே என்று காலோ ஒப்புக்கொண்டார். அது தற்செயலாகக் கலந்துவிட்டது என்பது அவர் கூற்று. அந்தப் பாரிசு மாதிரியிலும் வேறொரு நோயாளியின் நச்சுயிரி கலந்திருந்தது பின்னர்த் தெரிந்தது. அரசின் விசாரணை அமைப்பு 1992ஆம் ஆண்டில் அவர்மீது சாட்டிய குற்றம் 1993ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. 1994ஆம் ஆண்டில் காப்புரிமை வருவாயில் பாஸ்டர் நிறுவனத்தின் பங்கு உயர்த்தப்பட்டது. 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பாரே-சினூசியும் மோன்டான்யேவும் இடம்பெற்றனர்; காலோ இடம்பெறவில்லை; ஷெர்மானும் இல்லை.

இருவரும் சூட்டிய பெயர்கள்கூட நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் ஒரு பெயரிட்டனர். காலோ தம் எச்.டி.எல்.வி. வரிசையில் மூன்றாவதாக எண்ணினார். 1986ஆம் ஆண்டில் பன்னாட்டுக் குழு இரண்டையும் ஒதுக்கி எச்.ஐ.வி. என்னும் பொதுப் பெயரைச் சூட்டியது. 4 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற ஒரு நோயை நினைவுகூரும்போது, அதன் பெயர் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் சொந்தமில்லாதிருப்பதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது.

துறவும் நீதியும்

இங்கே இரு சாரார் இருவகையாக முடிவு கூறுவர். 'நோய் தீர்ந்தால் போதாதா? யார் கண்டால் என்ன? பெயரும் புகழும் மாயை' என்பர் ஒரு சாரார். கேட்க இனிய சொல் இது. ஆயின் இதனைப் பெரும்பாலும் சொல்வோர் யாவர்? பெயர் பெற்றவரே. உழைப்பைப் பறிகொடுத்தவனிடம், 'புகழ் மாயை' என்று உபதேசித்தல், பசித்தவனிடம் உண்ணா நோன்பின் பெருமை பேசுதல் போன்றது. பாரிசிலிருந்து மாதிரி அனுப்பியோரின் உழைப்பை உலகம் அறியாதிருக்கட்டும் என்பது பற்றின்மை ஆகாது, அநீதியே ஆகும். மேலும், இன்னது இன்னாரிடமிருந்து வந்தது என்று உரைத்தல் அறிவியலில் மரியாதை மட்டுமன்று, உண்மையின் ஒரு பகுதியும் ஆகும். மூலம் மறைக்கப்பட்ட மாதிரி பிழைக்கு வழிவகுக்கும். 1975ஆம் ஆண்டின் மயக்கமே அதற்குச் சான்று.

'புகழ் ஆசை இன்றேல் முயற்சி இல்லை; போட்டியே உண்மையைப் பிறப்பிக்கிறது; ஆகவே வென்றவனுக்கே அனைத்தும்' என்பர் மறு சாரார். இதிலும் பாதி உண்மை உண்டு. போட்டி அவ்விரு கூடங்களையும் விரைவுபடுத்தியிருக்கலாம். எனினும் டி அணு வளர்ப்பு இன்றிப் பாரிசின் கண்டுபிடிப்பு எளிதன்று; பாரிசின் மாதிரி இன்றி பெதஸ்டாவின் வெற்றி அவ்வடிவில் இல்லை; டெமினும் பால்டிமோரும் கண்ட நொதி இன்றி இரண்டுமே இல்லை. ஆய்வு ஒரு தொடரோட்டம். கோலைக் கைமாற்றித் தந்தவனை மறந்து, கோட்டைத் தொட்டவனே ஓடினான் என்பது கணக்குப் பிழை.

ஆகவே நாம் காணும் வழி இது: தன் புகழைப் பொறுத்தமட்டில் ஒருவன் துறவியாதல் நன்று, பிறர் புகழைப் பொறுத்தமட்டில் அவன் நீதிபதியாதல் வேண்டும். உலகில் பெரும்பாலான பூசல், நாம் இதனைத் தலைகீழாகக் கைக்கொள்வதால் விளைவது. நம் பங்கை அளக்கும்போது நீதி பேசுகிறோம். பிறர் பங்கை அளக்கும்போது துறவு பேசுகிறோம்.

'எல்லோரும் தம் பங்கைத் துறந்தால் வலியவன் அனைத்தையும் அள்ளிக்கொள்ளானோ?' என்னும் ஐயம் எழக்கூடும். எழவேண்டிய ஐயமே. அதனால்தான் இவ்வறத்தின் இரண்டாம் பகுதி இன்றியமையாதது. ஒருவன் தன் பெயரைக் கேளாதிருக்கும்போது அருகிலிருப்பவன் அதனைச் சொல்லவேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரிசை, மாதிரிக்கு நன்றியுரை, நோயாளியின் இசைவு ஆகியவை வெறும் சடங்குகள் அல்ல. பிறர் பங்கைக் காக்க அறிவுலகம் எழுப்பிய வேலிகள்.

நம் வள்ளுவர் அறத்துப்பாலில் அதிகாரங்களை அமைத்த வரிசை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. இல்லறத்தின் இறுதியில் ஈகையை வைத்தார். அதனை அடுத்துப் புகழை வைத்தார். அதற்கு அடுத்து அருளுடைமையுடன் துறவறம் தொடங்குகிறது. ஈகைக்கும் அருளுக்கும் நடுவே புகழ் நிற்கிறது. கொடுத்தபின் வருவது புகழ். அதனையும் கடந்து செல்லவேண்டிய வழி ஒன்று முன்னே உண்டு. எடுத்துக்கொள்வதன் பின்னே அவர் புகழை வைக்கவில்லை என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது.

காலோவும் மோன்டான்யேவும் அவ்வழியில் சில அடியேனும் நடந்தனர் எனலாம். நெடும் பூசலுக்குப் பின், 2003ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட வரலாற்றை ஒரே கட்டுரையாக எழுதினர். நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, காலோவும் அதற்குத் தகுதியானவரே என்னும் பொருள்படப் பேசினார் மோன்டான்யே. ஏமாற்றத்தை மறைக்காத காலோ, பரிசு பெற்றோரை வாழ்த்தவும் தவறவில்லை. பிறர் பெயரைச் சொல்ல வாய் திறந்த அக்கணத்தில், இருவரும் தாம் அதுவரை காத்துவந்த பெருமையினும் பெரியதொன்றை அடைந்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

சென்னையில் ஒரு பெட்டி

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் மண்ணிலும் வேரூன்றியுள்ளது. 1986ஆம் ஆண்டில், எய்ட்ஸ் மேனாட்டார் நோய் என்று இந்தியாவில் பலரும் எண்ணியிருந்த காலை, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இச்சோதனையில் ஈடுபடுத்தினார். ஆபத்துக்குள்ளாகக்கூடிய பெண்களிடம் நிர்மலா குருதி மாதிரிகள் திரட்டினார். அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு இரயிலில் வேலூருக்கு எடுத்துச்சென்றார். அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆய்ந்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி.யின் அறிகுறி தென்பட்டது. இந்தியாவில் அந்நோய் அறியப்பட்டது அவ்வாறே. சுனிதி சாலமன் பின்னர்த் தம் வாழ்நாளை அந்நோயாளருக்கே அளித்து 2015ஆம் ஆண்டில் மறைந்தார். 2017ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. நிர்மலாவின் பங்கைப் பரவலாக உலகம் அறிய முப்பது ஆண்டுகள் ஆயின. குருதி கொடுத்த அவ்வாறு பெண்களின் பெயரை நாம் அறியோம். அவர்கள் மறைவில் வாழும் உரிமையைக் கருதி அறியாதிருப்பதே முறை. ஆயினும், அவர்கள் இருந்தனர், கொடுத்தனர் என்பதையேனும் நாம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம், நம் பிள்ளைகளிடம் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: 'வகுப்பில் முதல் யார்?' அக்கேள்வி தவறன்று. வேற்றூரில் தலைநிமிர்ந்து நிற்க நமக்கு அமைந்த ஊன்றுகோல் கல்விதான். ஆனால் அக்கேள்வியோடு இன்னொன்றையும் நாம் கேட்டுப் பழக்கலாம்: 'இன்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்? அவர் பெயரை ஆசிரியரிடம் சொன்னாயா?' நாளை அப்பிள்ளை ஓர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, யாரோ அனுப்பிய மாதிரியைக் கையிலெடுக்கும்போது, தாயோ தந்தையோ கேட்ட அக்கேள்வி அதன் காதில் ஒலிக்குமாயின், நாம் நம் கடமையைச் செய்தவராவோம்.

தொடக்கத்தில் சொன்ன மண்டபத்துக்கு நாம் அண்மையில் சென்றிருந்தோம். மூன்று பெயர்களும் அகர வரிசையில் நன்றாகவே இருக்கின்றன. பிள்ளைகள் உள்ளே தமிழ் படித்துக்கொண்டிருந்தனர். கல்லைச் செதுக்கிய கொத்தர் யார் என்று காவலரிடம் விசாரித்தோம், அவருக்குத் தெரியவில்லை. பழைய கணக்கேட்டில் கூலி கொடுத்த பக்கத்தில் அப்பெயர் இருக்கக்கூடும் என்றார். அடுத்த முறை செல்லும்போது அவ்வேட்டைத் தேடிப் பார்ப்பதாக இருக்கிறோம்.